கரமும் கருவியும்

பாடம் ஒப்புவிக்க இயலாத மாணவன் புத்தகத்தின் அச்சுச் சரியில்லை என்பான். கையெழுத்துக் கோணியவன் பேனாவின் முனையைப் பழிப்பான். மீன்படாத நாளில் வலையையும், விளைச்சல் குன்றிய போகத்தில் விதைநெல்லையும் குறைகூறுவோர் நம் கரையோர ஊர்களில் இன்றும் உளர். இவ்வியல்பைக் கண்டு நகைத்த நம் முன்னோர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழியை ஆக்கிவைத்தனர். ஆசிரியத் தொழிலில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளைக் கழித்த யான், இப்பழமொழியை வகுப்பறையில் எத்தனை முறை எடுத்தாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒரு முறை அதனைத் தகாத இடத்திலே எடுத்தாண்டேன். அப்பிழையையும் அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

மேனாடுகளில் பௌலிங் என்றோர் உள்ளரங்க விளையாட்டு உண்டு. 60 அடி நீளமான வழவழப்பான பாதையின் கோடியில் முக்கோணமாக நிறுத்திய 10 குற்றிகளைக் கனத்த பந்தொன்றை உருட்டி வீழ்த்துவதே அதன் முறை. பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. தொழிலாக அன்றிப் பொழுதுபோக்காக அதனை ஆடுவோரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு: புதுப் பந்து வாங்கினால் ஆட்டம் திருந்துமா, அன்றிப் பணப்பை இளைப்பது ஒன்றுதான் பயனா? கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வாழும் நமக்கு அப்பந்தும் தெரியாது, அப்பாதையும் தெரியாது. ஆயினும் அக்கேள்வியை நாம் நன்கு அறிவோம். மஃரிப் தொழுகைக்குப் பின் விளக்கேற்றிய கழக அறைகளில், நான்கு பேர் ஆட எண்மர் சூழ்ந்து நின்று பார்க்கும் கரம் பலகையைச் சுற்றி அக்கேள்வி இரவுதோறும் எழுகின்றது. அங்கே பந்தின் இடத்தில் நிற்பது ஸ்ட்ரைக்கர்.

கரம் என்னும் பெயர்

'கரம்' என்று நம் நாட்டுத் தமிழர் வழங்கும் இப்பெயர் பிறமொழியினின்று வந்த ஒலித்திரிபே. அதற்குத் தமிழ் மூலம் கற்பிக்க முயல்வது பண்டிதர் சிலருக்குள்ள பழைய நோய். அந்நோய் எனக்கு வேண்டா. எனினும், வந்த சொல் தற்செயலாக நம் மொழியிற் கையைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றிப்போனது எத்துணைப் பொருத்தம்! ஆட்டத்தின் பெயரைச் சொல்லும்போதே, அதன் முதற்பொருள் எதுவென்றும் சொல்லிவிடுகிறோம்.

இலங்கையில் 1935ஆம் ஆண்டளவிலேயே இவ்வாட்டத்தில் முறையான சுற்றுப்போட்டிகள் தொடங்கின என்பர். 1988 இல் சென்னையில் சர்வதேச கரம் சம்மேளனம் நிறுவப்பட்டு, ஆட்டத்தின் அளவைகள் எங்கும் ஒன்றாக வகுக்கப்பட்டன. ஆடுபரப்பு ஒரு பக்கம் 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் வரையுள்ள சதுரம். நான்கு மூலைகளிலும் உள்ள துளைகளின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 ஆகப் 19 காய்கள். ஒவ்வொன்றும் 5 கிராமுக்குக் குறையாமலும் 5½ கிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீற்றருக்கும், நிறை 15 கிராமுக்கும் மேற்படலாகாது. யானைத் தந்தத்தாலோ உலோகத்தாலோ ஆனவற்றைப் போட்டியிற் பயன்படுத்த விதி இடந்தரவில்லை.

இவ்விதிகளை வாசிப்போர் ஒன்றை நோக்குதல் வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு விதிக்கப்பட்டவை மேலெல்லைகளே. இத்துணைக்கு மேற்படாதே என்று சொல்லிவிட்டு, எஞ்சியதை ஆடுபவன் விருப்பத்திற்கு விட்டனர். அவ்விருப்பத்தின் வாயிலாகத்தான் வணிகன் உள்ளே நுழைகின்றான். கனத்தது, இலேசானது, ஓரம் மழுங்கியது, ஓரம் கூரியது, கண்ணாடி போன்றது, நடுவிலே பூ வரைந்தது என்று ஒரு கடையின் தட்டிலேயே பத்து வகை கிடக்கும். இன்று கைத்தொலைபேசியைத் தடவினால் பிறநாட்டுக் கடைத்தட்டுகளும் கண்முன் விரிகின்றன. ஒவ்வொன்றும், 'என்னைக் கொள். உன் ஆட்டம் உயரும்' என்றே அழைக்கின்றது.

பதினைந்து கிராமின் கணக்கு

அழைப்பு மெய்யா பொய்யா என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கணிதம் எனக்கு அயற்றுறை. ஆயினும் பாடசாலை மாணவனுக்குத் தெரிந்த மோதல் விதியே இதற்குப் போதும்.

15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5¼ கிராம் காயொன்றை நேருக்கு நேர் மோதுகின்றது என்க. மோதலில் ஆற்றல் ஏதும் வீணாகவில்லை எனக் கொண்டால், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஏறக்குறைய 1.48 மடங்கு வேகத்தோடு காய் ஓடும். இனி ஸ்ட்ரைக்கரை மாற்றி, 13 கிராம் உள்ளதொன்றை அதே வேகத்தில் விடுவோம். காயின் வேகம் 1.42 மடங்காகும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கு பங்கு. அதுவும், இலேசான ஸ்ட்ரைக்கரை விரல் சற்று விரைவாகவே செலுத்தும் ஆதலால், நடைமுறையில் இன்னும் குறையலாம். கனமானது மோதிய பின்னும் கூடுதலாக முன்னே ஓடும் என்பது மெய். அடுத்த அடிக்குக் காய்களைக் கலைத்துவைக்க எண்ணும் வல்லுநனுக்கு அவ்வேறுபாடு பயன்படும். குறிவைத்த ஒரு காயையே ஒழுங்காகத் துளையில் வீழ்த்த அறியாதவனுக்கு அதனாற் பயன் யாது?

இனிக் கையின் பிழையை அளப்போம். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடும் கணத்தில் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் 3.6 சென்ரிமீற்றர் அளவே. ஆகையால் நேரடியாக அடிக்க வேண்டிய காயை ஸ்ட்ரைக்கர் ஒரேயொரு மில்லிமீற்றர் விலகித் தொட்டாலும் காயின் திசை ஒன்றரைப் பாகைக்கு மேல் திரும்பிவிடும். அத்திசையில் அரை மீற்றர் ஓடிய காய், சேர வேண்டிய இடத்தினின்று ஏறக்குறைய 1.4 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். துளைக்கும் காய்க்கும் இடையேயுள்ள விட்ட வேறுபாடு 1.3 சென்ரிமீற்றர் அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். கையில் ஒரு மில்லிமீற்றர் பிழை ஆட்டத்தையே மாற்றுகின்றது. கருவியில் இரண்டு கிராம் வேறுபாடு காயின் ஓட்டத்தைச் சிறிது மாற்றுகின்றது. அந்த ஒரு மில்லிமீற்றரை விற்கும் கடை எவ்வூரிலும் இல்லை.

புதியதன் மயக்கம்

அங்ஙனமாயின், புது ஸ்ட்ரைக்கர் வாங்கியவன் முதல் வாரத்தில் நன்றாக ஆடுவதேன்? அவன் பொய் சொல்லவில்லை. சூழ நின்றோரும் அதனைக் கண்டிருக்கின்றனர்.

காரணம் மறைபொருள் அன்று. புதுச் செருப்பு அணிந்தவன் சேற்றைப் பார்த்து நடக்கின்றான். புதுப் பேனா வாங்கிய மாணவன் முதற்பக்கத்தை முத்துக் கோத்ததுபோல் எழுதுகின்றான். புது ஸ்ட்ரைக்கர் வாங்கியவனும் அவ்வாறே. ஒவ்வோர் அடிக்கு முன்னும் அதனைத் துடைக்கின்றான். கோட்டில் ஒழுங்காக வைக்கின்றான். மூச்சை அடக்கிக் குறிபார்க்கின்றான். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆடுபவன் இரண்டு மணி நேரம் ஆடுகின்றான். இக்கவனம் பழைய ஸ்ட்ரைக்கருக்குக் கிடைத்திருந்தால் அதுவும் நன்றாகவே ஓடியிருக்கும். புதுமை தேய்ந்ததும் கவனம் தேய்கின்றது. கவனம் தேய்ந்ததும் காய் துளையின் வாயில் நின்றுவிடுகின்றது. உடனே, 'இதுவும் சரியில்லை' என்று மற்றொன்றைத் தேடுகின்றான்.

ஐயமுடையோர் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் ஒரு காயை வைத்து, பழையதால் இருபது அடியும் புதியதால் இருபது அடியும் அடிக்க. வீழ்ந்தவற்றை மற்றொருவர் எழுதிக்கொள்க. ஒரு நாள் பழையதை முதலிலும், மறுநாள் புதியதை முதலிலும் எடுக்க. இவ்வாறு இரண்டு வாரம் செய்து, கூட்டுத்தொகைகளை அதன் பிறகே பார்க்க. முதல் நாளின் களிப்பை வைத்துத் தீர்ப்புக் கூறுதல், மணவறையில் மாப்பிள்ளையைக் கண்டு இல்வாழ்க்கைக்குச் சான்று வழங்குதல் போலாம்.

வல்லாரும் அவர்தம் விரல்களும்

இவ்வாட்டத்தில் உயர்ந்தோரை நோக்கினும் இதுவே புலனாகும். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகக் கரம் வாகையராக விளங்கி, 1996ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருதையும் பெற்றார். 2012 இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், வடசென்னையில் ஓட்டோ ஓட்டும் ஒருவரின் மகளாகிய காசிமா, பதினேழு வயதில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்று மீண்டார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் தந்தையே. ஓட்டோவின் வருவாயில் பத்து வகை ஸ்ட்ரைக்கர்களை அடுக்கிவைத்து ஆராய இடமேது? அப்பெண் உலகத்தின் முன் வைத்தது, சிறுபருவம் முதல் நாள்தோறும் பழகிய விரலையே.

கரம் பலகையை விட்டு மைதானத்துக்குச் சென்றாலும் ஓர் அரிய சான்று உண்டு. 2008 ஜூலையில் கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில், நம் நாட்டு இராணுவத்திலிருந்து வந்த அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்தார். நடுவிரலை மடக்கிப் பந்தைச் சுண்டி எறிந்த அம்முறையை உலகம் 'கரம் பந்து' என்றே அழைக்கின்றது. அவர் கையில் இருந்தது புதுவகைப் பந்தன்று. அன்று மற்றையோர் வீசிய அதே பந்து. புதியதாக இருந்தது விரல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவுஸ்திரேலியப் படைவீரர் ஜக் ஐவர்சன் மேசைப்பந்து ஒன்றை விரலாற் சுண்டிப் பழகியே இத்தகைய வித்தையைக் கண்டறிந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. இலேசான அவ்விளையாட்டுப் பந்து அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

புல்லும் ஆயுதமா?

இம்மட்டோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதாக முடியும். படிப்போரும், 'கருவியில் ஒன்றுமில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று தலையசைத்துச் செல்வர். ஆசிரியர் கூட்டங்களில் இப்பழமொழிக்குக் கைதட்டும் கிடைக்கும். ஆனால் இது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி வென்ற கதையை ஒவ்வோர் ஆசிரியரும் சொல்கின்றோம். அவர் வெறுங்காலோடு ஓடியதேன்? அங்கே கிடைத்த செருப்புகள் அவர் காலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத கருவியிலும் கருவியின்மை நன்று என்பதே அவர் முடிவு. நான்கு ஆண்டுகளின் பின் 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அவரே பொருந்திய சப்பாத்து அணிந்து ஓடினார்; மீண்டும் வென்றார்; முன்னையினும் மூன்று நிமிடம் விரைவாக ஓடினார். முற்பாதியை மேடைதோறும் முழங்கும் நாம் பிற்பாதியை ஏனோ சொல்வதில்லை.

நீச்சலிலும் அவ்வாறே. 2008ஆம் ஆண்டளவில் வந்த உடலை இறுக்கும் புதுவகை நீச்சலுடைகளால், 2009 இல் உரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் வீழ்ந்தன. ஒரே ஆண்டில் மனிதர் அத்துணை வலியராகிவிடவில்லை என்பதை உணர்ந்த நிருவாகத்தினர் 2010 முதல் அவ்வுடைகளைத் தடைசெய்தனர். தொடக்கத்திற் கூறிய பௌலிங் பந்தும் இதற்கு விலக்கன்று. கடினமரம், ரப்பர், பொலியெஸ்டர் என்று வளர்ந்து வந்த அப்பந்தின் மேற்பரப்பு, 1990களின் தொடக்கத்தில் பாதையை நன்கு பற்றித் திரும்பும் ஒருவகைப் பிசினால் ஆக்கப்பட்டபோது ஆட்டக்காரர் பெறும் புள்ளிகள் உயரவே செய்தன. ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. பாதையின் மேல் எண்ணெய் பூசுவர். எண்ணெய் எங்கே தடித்துள்ளது, எங்கே மெலிந்துள்ளது என்பதைப் பொறுத்தே பந்து திரும்பும். ஒரு பாதையில் வியக்கத்தக்க வண்ணம் திரும்பிய பந்து மற்றொன்றில் வழுக்கிச் செல்லும். பந்து தனியொருவன் உடைமை, பாதை பொதுவானது. பந்தின் புகழ் பாதையின் கையிலே உள்ளது.

இந்நுட்பத்தை நான் நூலிலே கற்கவில்லை. ஒரு மாணவனிடம் கற்றேன். அதுவும் காலம் தாழ்த்தியே கற்றேன்.

கூடம் கோணிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலையொன்றில் கரம் அணிக்கு நானே பொறுப்பாயிருந்தேன். அணியில் ஒரு மாணவன், நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, அமைதியானவன். விடுமுறையில் தறிக்கூடத்தில் நூல் சுற்றிச் சேர்த்த காசில் ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கினான். மார்கழி மழை பெய்யத் தொடங்கிய பின் அவன் ஆட்டம் தளர்ந்தது. இரண்டாவது ஒன்று வாங்கினான். பின்பு மூன்றாவதும் வாங்கினான்.

ஒருநாள் என்னிடம் வந்து, "சேர், போட் உள்ளுக்கு இழுக்குது. ஸ்ட்ரைக்கர மாத்தி மாத்திப் பாத்துட்டன், சரி வருதில்ல" என்றான்.

அப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பழமொழி என் நாவில் ஆயத்தமாக இருந்தது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அவனும் சிரிக்க முயன்றான், இயலவில்லை.

அவன் மேற்கொண்டு ஏதும் சொல்லவில்லை. பலகை காய்களை நடுவை நோக்கி இழுக்கின்றது என்று தன் விரலால் உணர்ந்து, அதற்கு ஏற்ப ஒவ்வோர் அடியையும் சற்று வெளிப்புறமாகக் குறிவைத்துப் பழகிக்கொண்டான். பிறகு வேறோர் ஊரில் வலயமட்டப் போட்டி நடந்தது. அங்கிருந்த பலகை நல்ல பலகை, மட்டமானது. அவன் அடித்த காய்கள் எல்லாம் துளைக்கு வெளிப்புறமாகவே சென்று சட்டத்தில் மோதி மீண்டன. முதற்சுற்றிலேயே தோற்றான். திரும்பும் வழியில் பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் பின்னாற் சென்று அமர்ந்தான்.

மழை ஓய்ந்த பின் கதவொன்றைச் செப்பனிட ஓடாவி ஒருவர் வந்திருந்தார். சுவரோரம் சாத்தியிருந்த கரம் பலகையைக் கண்டதும் அதனை எடுத்து மேசைமேல் இட்டு, நேரான சட்டமொன்றை அதன் குறுக்கே வைத்தார். சட்டத்தின் நடுவுக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. ஓடாவி என்னைப் பார்த்துச் சிரித்து, "சேர், இது போட் இல்ல, தோணி" என்றார்.

ஈரச் சுவரில் மாதக்கணக்காகச் சாய்ந்து நின்ற ஒட்டுப்பலகை மழைக்காற்றை உண்டு நடுவே குழிந்துவிட்டது. கூடம் உண்மையிலேயே கோணல். அதனை முதலிற் கண்டறிந்தவன் அச்சிறுவன். கண்ணால் அன்று, விரலாற் கண்டறிந்தான். அத்துணை நுண்மையான விரல் என் அணியில் வேறெவருக்கும் இருக்கவில்லை. அவ்விரலின் சான்றைப் பழமொழி ஒன்றால் தள்ளுபடி செய்தவன் நான்.

மறுநாள் அதே வகுப்பின் முன்னிலையில் என் பிழையைச் சொல்லி அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்ல சேர்" என்றான். மெய்யாகவே பரவாயில்லை என்றே நினைத்தான் போலும். ஆனால் கரம் பலகையின் முன் அவன் மீண்டும் அமரவில்லை.

பொதுவில் இருக்கும் கருவி

அந்நாள் முதல், கருவியா கரமா என்னும் வழக்கை நான் வேறுவிதமாகப் பார்க்கலானேன். கருவி என்று ஒருமையிற் சொல்வதே பிழை. கருவிகள் இருவகைப்படும். ஒருவன் தன் பையில் இட்டுக்கொண்டு செல்வன ஒருவகை; பலரும் கூடிப் பயன்கொள்ளப் பொதுவில் இருப்பன மற்றொருவகை. ஸ்ட்ரைக்கர் முதல்வகை; பலகை இரண்டாம் வகை. நாம் வாங்கி வாங்கிச் சலிப்பது முதல்வகையை. ஆட்டத்தை ஆக்குவதும் அழிப்பதும் இரண்டாம் வகை. ஸ்ட்ரைக்கரின் இரண்டு கிராம் வேறுபாட்டைப் பயிற்சி ஈடுசெய்யும். கோணிய பலகையிற் செய்த பயிற்சியோ பிழையையே உறுதிப்படுத்தும். எவ்வளவுக்கெவ்வளவு உழைக்கின்றானோ அவ்வளவுக்கவ்வளவு தவறு அவன் விரலில் ஊறுகின்றது. அச்சிறுவன் சோம்பேறியாயிருந்தால் அன்று இன்னும் சில காய்களை வீழ்த்தியிருப்பான்.

சர்வதேச விதி வகுத்தோர் இதனை உணர்ந்தேயிருந்தனர். ஸ்ட்ரைக்கருக்கு மேலெல்லை மட்டும் கூறிய அவர்கள், பலகைக்குக் கீழெல்லை கூறினர்: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்தினின்று முழுவலியோடு செலுத்தினால் அது பலகையைக் குறைந்தது மூன்றரை முறை கடந்து ஓடுதல் வேண்டும். தனியுடைமைக்கு 'மிகாதே' என்றும், பொதுவுடைமைக்குக் 'குறையாதே' என்றும் சொல்லும் இவ்விதியில் ஓர் அறநூலே அடங்கியிருக்கின்றது.

நம் கரையோரத்திற்கு இது பெரிதும் பொருந்தும். ஐப்பசி முதல் தை வரை வாடைமழை பெய்யும் நாடு இது. உப்புக் காற்றும் ஈரமும் ஒட்டுப்பலகைக்குப் பகை. போரிக் பவுடரும் கட்டிபட்டுவிடும். ஆதலின் கழகங்களும் பாடசாலைகளும் பலகையைச் சுவரிற் சாத்தாமல் மட்டமாகக் கிடத்தி வைக்கட்டும். ஆடாத வேளையில் துணியால் மூடட்டும். மேலே தாழத் தொங்கும் மின்விளக்கு ஒன்றை இடட்டும். அதன் ஒளி கண்ணுக்கு உதவும். அதன் வெப்பம் பலகைக்கு உதவும். திங்களுக்கு ஒருமுறை நேரான சட்டமொன்றைக் குறுக்கே வைத்துப் பார்க்கட்டும். பத்து இளைஞர் தனித்தனியே இரண்டாவது ஸ்ட்ரைக்கர் வாங்கச் செலவிடும் பணத்தை ஒன்றுசேர்த்தால், ஓடாவிக்குக் கூலியும் கொடுத்து மிச்சமும் காணலாம்.

தனிக்கருவியைப் பொறுத்தவரை என் கருத்து எளியது. ஓரம் உடைந்ததையும் வட்டம் கெட்டதையும் மாற்றுக. விரலுக்குப் பாரமாய் நோவு தருவதை மாற்றுக. பிக்கிலா செருப்பைக் கழற்றியது போல, பொருந்தாததைத் தயங்காமல் விடுக. பொருந்தியது ஒன்று கிடைத்த பின் அதனோடு ஓராண்டு வாழ்க. அதன் இயல்பை விரல் அறியட்டும். அறிந்த பின்னரே, இன்னும் கனம் வேண்டுமா வேண்டாவா என்று சொல்லும் தகுதி உமக்கு உண்டாகும். புதியது வேண்டும் என்று கையே கேட்கும் நாள் ஒன்று வரும். கண் கேட்பதைக் கை கேட்பதாக மயங்காதிருப்பதே அறிவு.

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு செயலைத் தொடங்குமுன் ஐயந்தீர எண்ண வேண்டியவை ஐந்து என்று கூறி, அவற்றுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். அதனை விடவும் இல்லை. அது ஒன்றே போதும் என்னவும் இல்லை. நமக்கு அணித்தான காரைதீவிலே 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் உருவையும் நரம்பையும் சுருதியையும் பழந்தமிழ் நூல்களினின்று பல்லாண்டு ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அதே ஆண்டில் மறைந்தார். அந்நூலைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். யாழ் என்னும் கருவி வழக்கொழிந்தபோது, அதனை மீட்டிய பாணர் விரல்களின் பழக்கமும் உடன் ஒழிந்தது. கருவியை அறிவால் மீட்டெடுக்கலாம். தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த விரலை மீட்டெடுப்பது எங்ஙனம்? கரம் உயர்ந்தது என்பது மெய்யே. ஆனால் கருவி இல்லாத ஊரிலே கரமும் பிறவாது.

ஆகையால் மருதமுனைத் தறியை இழந்த நெசவாளனிடம், 'கலை உன் கையிலன்றோ இருக்கின்றது' என்று சொல்லித் தேற்ற முயல்வது அறமாகாது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையின் மாணவனிடமும், நூலகம் இல்லாத ஊரின் வாசகனிடமும், 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று மேடையில் நின்று முழங்குவதும் அத்தகையதே. அப்பழமொழி வல்லவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கு உரியது. இருப்பவன் இல்லாதவனுக்குச் சொல்வதற்கு உரியதன்று.

புது ஸ்ட்ரைக்கர் ஆட்டத்தைத் திருத்துமா என்று இனி ஒரு மாணவன் என்னை வினவினால், நான் அவன் கையைப் பார்க்குமுன் பலகையைப் பார்ப்பேன். பலகை மட்டமாயிருந்தால், 'போய்ப் பழகு' என்பேன். கோணியிருந்தால், ஓடாவியைத் தேடிச் செல்வேன். கூடம் கோணல் என்று எவளேனும் சொன்னால், அவளை நகைக்குமுன் ஒரு மட்டக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்திற்குட் செல்வதே ஆசிரியன் கடன். இதனைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாணவனின் ஆட்டம் விலையாயிற்று.